சொல்லும் செயலும் ஒன்றான வீடு: சூசன்னா வெஸ்லி அம்மையார்

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று கூடிப் பேசியபோது, நாடாண்டவர்களின் பெயர்களும் பட்டம் பெற்றவர்களின் பெயர்களுமே முதலில் வந்தன. முடிவில் நாம் தெரிந்தெடுத்தது எந்தப் பதவியும் வகிக்காத, தம் பெயரில் ஒரு நூலும் வெளியிடாத, வாழ்நாளின் பெரும் பகுதியை ஒரு கிராமத்துக் குருமனையில் கழித்த ஒரு தாயாரை. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த யோன் வெஸ்லி, சாள்ஸ் வெஸ்லி ஆகிய இருவரையும் பெற்றெடுத்த சூசன்னா வெஸ்லி அம்மையாரே அவர். பிள்ளைகளின் புகழால் அறியப்பட்ட தாய் என்று அவரைச் சொல்லி முடித்துவிடுவதுண்டு. அது பாதிக் கதைதான். வீட்டினுள்ளே உண்மையாக நடப்பது என்றால் என்ன, பிள்ளைகளுக்கு எத்தகைய சேர்க்கை நல்லது என்ற இரண்டு கேள்விகளோடும் அவர் ஆயுள் முழுவதும் போராடினார். சிலவற்றில் வென்றார், சிலவற்றில் தோற்றார். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

சூசன்னா 1669 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கலாநிதி சாமுவேல் ஆன்ஸ்லி பெயர்பெற்ற பிரசங்கியார். 1662 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் புதிய வழிபாட்டுச் சட்டத்திற்கு மனச்சாட்சி இடங்கொடாமையால், நல்ல வருமானமுள்ள தம் ஆலயத்தைத் துறந்து வெளியேறிய குருமாருள் அவரும் ஒருவர். அந்த வீட்டின் கடைக்குட்டி சூசன்னா. வீடு நிறையப் பிள்ளைகள், வீடு நிறையப் புத்தகங்கள், வருகிறவர்கள் எல்லாரும் மார்க்க விடயங்களை வாதிடுகிறவர்கள். பெண்பிள்ளை என்று அவரை எழுப்பி அனுப்பாமல் தந்தையார் பக்கத்தில் இருத்திக் கேட்கவிட்டார்.

கேட்ட பிள்ளை சிந்திக்கவும் தொடங்கியது. பதின்மூன்று வயதளவில், தந்தையார் விட்டு வந்த திருச்சபையே சரியானது என்று தாமாகவே முடிவுசெய்து அதிற் சேர்ந்தார். மனச்சாட்சிக்காகத் தாம் வெளியேறிய சபைக்குள் தம் செல்ல மகள் மனச்சாட்சிக்காகவே நுழைவதைக் கண்ட தந்தையார் அவரைத் தள்ளிவிடவில்லை. தந்தைக்கும் மகளுக்கும் இருந்த அன்பு கடைசிவரை குறையவில்லை. கருத்து வேறுபட்டாலும் உறவு முறியாத ஒரு வீட்டிலேதான் அவருடைய நேர்மை வேர்கொண்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1688 நவம்பரில், பத்தொன்பது வயதில், அவர் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். அவரும் பிரிந்துசென்ற சபையாரின் வீட்டிற் பிறந்து இங்கிலாந்துத் திருச்சபைக்குத் திரும்பியவரே. கல்விமான், கவிஞர், கடுமையாக உழைப்பவர். ஆனால் வரவுக்கு மேல் செலவு செய்பவர், எடுத்த நிலையை விட்டுக்கொடாதவர். லிங்கன்ஷயரிலே சதுப்பு நிலங்கள் சூழ்ந்த எப்வேர்த் என்னும் சிற்றூருக்கு அவர் குருவாக நியமிக்கப்பட்டார். அம்மையார் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர், அவர்களுள் எழுவர் பெண்கள். ஒன்பது சிறு சவப்பெட்டிகளைக் கண்ட தாய் அவர்.

ஓர் ஆமென்

குடும்பங்களில் பெரிய பிளவுகள் பெரும்பாலும் சிறிய சொல்லிலேதான் தொடங்குகின்றன. வெஸ்லி வீட்டில் அது ஆமென் என்ற சொல். அக்காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் வில்லியம் மன்னர், முன்னைய மன்னர் நாட்டை விட்டு ஓடியபின் அரசுகட்டில் ஏறியவர். அவரைச் சட்டப்படியான மன்னர் என்று அம்மையாரின் மனம் ஏற்கவில்லை. கணவரோ மன்னரின் பக்கத்தவர். 1701 ஆம் ஆண்டின் முடிவில், குடும்ப ஜெபத்திலே மன்னருக்காகக் கணவர் மன்றாடியபோது மனைவி ஆமென் சொல்லாமல் மௌனமாக இருப்பதைக் கவனித்தார். காரணம் கேட்டார், அம்மையாரும் மறைக்காமற் சொன்னார். மன்னிப்புக் கேட்கும்வரை இனி ஒன்றாக வாழ்வதில்லை என்று கணவர் சூளுரைத்துவிட்டு இலண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

சின்னப் பிள்ளைகளுடன் தனித்து நின்ற அந்தத் தாய் என்ன செய்தார்? வாயால் ஒரு ஆமென் சொல்லிவிட்டால் வீடு அமைதியாகிவிடும். ஆனால் ஜெபத்திலே பொய் சொல்வது கணவரையும் ஏமாற்றுவது, கடவுளையும் ஏமாற்ற முயல்வது என்று அவர் கண்டார். தாம் பிழை என்று உணர்த்தப்பட்டால் கணவரிடமும் கடவுளிடமும் மன்னிப்புக் கேட்கச் சம்மதம், உணராமல் கேட்பது வேஷம் என்பதே அவருடைய நிலை. கோபத்தில் ஊரெல்லாம் முறையிடவுமில்லை. தம் நம்பிக்கைக்குரிய ஒரு சீமாட்டிக்கும், மனச்சாட்சிக்காகவே பதவியிழந்திருந்த ஜோர்ஜ் ஹிக்ஸ் என்ற குருவானவருக்கும் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார். வீட்டுத் துன்பத்தை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாதிருப்பது என்று தெரிவதும் நல்ல துணையைத் தெரிவதன் ஒரு பகுதிதானே. மனச்சாட்சியை விடவேண்டாம் என்றே ஹிக்ஸ் பதில் எழுதினார்.

1702 மார்ச்சில் மன்னர் இறந்தார். அதே ஆண்டிலே குருமனையின் ஒரு பகுதியில் தீப்பற்றியது. அந்த இடரின் நடுவே கணவனும் மனைவியும் ஒப்புரவாயினர். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அவரே யோன் வெஸ்லி. கணவருடைய சூளுரை நிலைத்திருந்தால் அந்தப் பிள்ளை இல்லை.

கடனும் பகையும்

1705 ஆம் ஆண்டில் நாட்டிலே தேர்தல் வந்தது. சாமுவேல் வெஸ்லி எடுத்த பக்கம் ஊராரிற் பலருக்குப் பிடிக்கவில்லை. இரவிரவாகக் குருமனையைச் சுற்றிக் கூச்சலிட்டார்கள். அந்த நாட்களில் பிறந்து சில வாரங்களேயான ஒரு குழந்தை, பார்த்துக்கொண்டவள் அயர்ந்து உறங்கியபோது அவளின் கீழ் அகப்பட்டு மூச்சடங்கியது. சில வாரங்களிலே, ஏறக்குறைய முப்பது பவுண் கடனுக்காகக் குருவானவர் கைதுசெய்யப்பட்டு லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். பாலுக்கு இருந்த பசுக்களையும் இரவில் யாரோ குத்திப்போட்டார்கள். கையிற் பணமில்லாத அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

யோர்க் பேராயர் ஷார்ப் அவர்கள் அம்மையாரைச் சந்தித்து, எப்போதாவது உண்ண அப்பமில்லாமல் இருந்ததுண்டா என்று கேட்டாராம். அப்பம் முற்றாக இல்லாமற் போனதில்லை, ஆனால் அதைத் தேடுவதற்குப் பட்ட பாடும், உண்டபின் அதன் கடனை அடைக்கப் பட்ட பாடும் சேர்ந்து அந்த அப்பத்தையே கசப்பாக்கியதுண்டு என்ற கருத்தில் அம்மையார் விடைசொன்னார். பெருமைக்காக வறுமையை மறைக்கவுமில்லை, பரிதாபத்துக்காக மிகைப்படுத்தவுமில்லை. பேராயர் உதவிசெய்தார்.

வீடே பள்ளி

எப்வேர்த் குருமனையில் அம்மையார் நடத்திய வீட்டுப் பள்ளியைப்பற்றி, மகன் யோன் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1732 ஆம் ஆண்டு ஜூலையில் அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துப் படிப்புத் தொடங்கும். ஒரே நாளில் எழுத்துகள் எல்லாவற்றையும் அறிந்துவிட வேண்டும். பத்தில் இருவருக்கு மாத்திரம் ஒன்றரை நாள் சென்றது. மறுநாளே ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குவார்கள். காலையில் ஒன்பது முதல் பன்னிரண்டு, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து என்று ஆறு மணி நேரம் பாடம். அந்த நேரத்தில் எழுந்து ஓடுவதோ இரைந்து பேசுவதோ இல்லை.

அந்தப் பள்ளி கடுமையானது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஒரு வயதானதுமே, சிலர் அதற்கு முன்பே, பிள்ளைகள் பிரம்புக்குப் பயப்படவும் மெல்ல அழவும் பழக்கப்பட்டார்கள். இன்று எங்களில் எந்தத் தாயும், எந்த ஆசிரியையும் அப்படிச் செய்ய விரும்பமாட்டாள். ஆனால் அதே கடிதத்தில் அவர் வகுத்துச் சொன்ன வீட்டுச் சட்டங்கள் சில, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் பழசாகவில்லை.

பிழை செய்த பிள்ளை தானாக வந்து ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொன்னால் அடி இல்லை என்பது ஒரு சட்டம். தண்டனைப் பயமே பிள்ளைகளைப் பொய்யராக்குகிறது என்று அவர் கண்டிருந்தார். ஒரு குற்றத்துக்கு ஒருமுறைதான் தண்டனை, பிறகு அதைச் சொல்லிக் காட்டக்கூடாது என்பது இன்னொன்று. தானாகக் கீழ்ப்படிந்த பிள்ளையை மெச்ச வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் சரிவராவிட்டாலும் எண்ணத்தை ஏற்று, அடுத்தமுறை எப்படிச் செய்வது என்று அன்பாகக் காட்ட வேண்டும். பிறர் பொருள் ஒரு குண்டூசியே ஆனாலும் உடையவரின் சம்மதமின்றித் தொடக்கூடாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கொடுத்த பொருள், கொடுக்கும்போது நிபந்தனை சொல்லாவிட்டால், பெற்றவருக்கே சொந்தம்.

இவை பிள்ளைகளுக்கு மட்டுமான சட்டங்களல்ல என்பதைப் பார்க்கவேண்டும். இவற்றிற் பாதி பெற்றோரையே கட்டுப்படுத்துகின்றன. சொல்லிக் காட்டாதிருக்க வேண்டியவர் தாய். பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்காதிருக்க வேண்டியவரும் தாய். வெளியே ஒரு முகமும் உள்ளே ஒரு முகமுமாக வாழும் பெற்றோரைப் பிள்ளைகள்தான் முதலிற் கண்டுபிடிப்பார்கள் என்று அவர் அறிந்திருந்தார்.

கடைசிச் சட்டம் எங்களைப்போன்ற பெண்கள் கல்லூரியில் படித்தவர்கள் மறக்கக்கூடாதது. எந்தப் பெண்பிள்ளையும் நன்றாக வாசிக்கப் பழகும் முன்பு தையலிலோ வீட்டு வேலையிலோ அமர்த்தப்படக் கூடாது என்றார். பிள்ளைப் பருவத்திலேயே ஊசியைக் கையிற் கொடுத்துவிடுவதனாலேதான் பெண்கள் கேட்பவர் விளங்கும்படி வாசிக்கத் தெரியாதிருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிராமத்துத் தாய் இதைச் சட்டமாக்கி நடத்தினார்.

தீயும் தீய சேர்க்கையும்

1709 பெப்ரவரி 9 ஆம் திகதி இரவு குருமனை முற்றாக எரிந்தது. நிறைமாதமாயிருந்த அம்மையார் தீயினூடாக நடந்து வெளியேறினார். ஐந்து வயது யோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி வைக்க நேரமில்லாமல், ஒருவரின் தோளில் இன்னொருவர் ஏறி நின்று யன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தெடுத்தார்கள். கூரை அதன்பின் உடனே விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் தப்பினார்கள். புத்தகங்களும், அம்மையார் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின.

புதிய வீடு எழும்பும்வரை பிள்ளைகளைப் பல வீடுகளிலே பிரித்து விடவேண்டியதாயிற்று. சூக்கி, ஹெற்றி என்று அழைக்கப்பட்ட இரு பெண்கள் இலண்டனில் சிறிய தகப்பனார் வீட்டுக்குச் சென்றார்கள். திரும்பிவந்த பிள்ளைகளைக் கண்ட தாய் திடுக்கிட்டார். கண்டவர்களோடும் கண்டபடி திரிந்து, கூடாத பாட்டுகளையும் பேச்சுகளையும் பழகியிருந்தார்கள். ஓய்வுநாள் மறந்துபோயிருந்தது. முன்பு எல்லாரும் மெச்சிய பணிவும் மரியாதையும் போய்விட்டன. ஆண்டுக்கணக்காகக் கட்டியது சில மாதங்களிலே அவிழ்ந்துவிட்டது. சேர்க்கையின் வலிமையை அம்மையார் புத்தகத்திலல்ல, தம் சொந்தப் பிள்ளைகளிலேயே படித்தார்.

அதற்கு அவர் கண்ட மருந்து நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தடை போடுவதோடு நிறுத்தாமல், நல்ல சேர்க்கையை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கினார். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லாரும் சேர்ந்து சங்கீதம் பாடும் வழக்கம் அப்போதுதான் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை ஒன்று பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையையும், அதற்கு அடுத்தது அதற்கடுத்த சிறியதையும் என்று ஒவ்வொருவரும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சென்று, அந்நாளுக்குரிய சங்கீதத்தையும் வேதபாகத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும். அக்கா தம்பிக்குத் தோழியானாள். எரிந்துபோன எழுத்துகளுக்குப் பதிலாக அம்மையார் மீண்டும் பேனாவை எடுத்து, விசுவாசப் பிரமாணத்துக்கு ஒரு விளக்கவுரையை மகள் சூக்கிக்குக் கடிதமாகவே எழுதினார். தூரத்திலிருக்கும் பிள்ளைக்குத் தாயின் எழுத்தும் ஒரு துணை அல்லவா.

தரங்கம்பாடியிலிருந்து வந்த தீப்பொறி

இனி நாம் சொல்லப்போவது தமிழராகிய எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரு இளம் குருமார் டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளைப்போல மணலில் எழுதித் தமிழ் கற்றார், பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார். அவர்களின் ஊழிய விபரங்கள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் ஒரு பிரதி எப்வேர்த் குருவானவரின் வாசிப்பறையில் இருந்தது. மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

அந்த வாசிப்பு அம்மையாரைப் பல நாட்கள் விடாமற் பிடித்துக்கொண்டது. தாம் ஆணுமல்ல, குருவுமல்ல, தரங்கம்பாடிக்குப் போகவும் இயலாது. ஆயினும் இருக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாக ஏதாவது செய்யலாமே என்று எண்ணினார். முதலிற் செய்தது தம் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பங்கிட்டது. திங்கள் மொலிக்கு, செவ்வாய் ஹெற்றிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் யோனுக்கு, வெள்ளி பற்றிக்கு, சனி சாள்ஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சூக்கிக்கும் என்று ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக இருந்து மனம்விட்டுப் பேசினார். கண்டிப்பான தாய் பிள்ளைக்குத் தோழியான மணித்தியாலம் அது. பல ஆண்டுகளின் பின்பு ஒக்ஸ்போர்ட் கல்லூரியில் ஆசானாயிருந்த யோன், அந்த வியாழக்கிழமை மாலையைத் தமக்காக இன்னும் ஒதுக்கி வைக்கும்படி தாய்க்கு எழுதினார்.

அவ்வேளையில் கணவர் திருச்சபைப் பேரவைக்காக மாதக்கணக்கில் இலண்டனில் இருந்தார். ஞாயிறு மாலைகளில் அம்மையார் குசினியில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்திவந்தார். ஒரு வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். 1712 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள், இடமில்லாமற் சிலர் திரும்பிப் போனார்கள். தம் ஆராதனையைவிட அம்மையாரின் குசினிக்குக் கூட்டம் கூடுகிறது என்று உதவிக் குரு இலண்டனுக்கு முறைப்பாடு எழுதினார். நிறுத்திவிடு என்ற கருத்தில் கணவரின் கடிதம் வந்தது.

அம்மையார் எழுதிய பதில் பணிவும் துணிவும் கலந்தது. தெருவில் விளையாடித் திரிந்தவர்கள் அடங்கியிருக்கிறார்கள், பகைத்தவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள், ஆலயத்துக்கு வராதவர்கள் வருகிறார்கள் என்று நடந்ததை எடுத்துரைத்தார். அதன்பின், நிறுத்தும்படி விரும்புவதாக மட்டும் எழுதவேண்டாம், கட்டளையாக எழுதிவிடுங்கள், அப்போதுதான் நன்மை செய்யக் கிடைத்த தருணத்தை விட்டதற்கான கணக்குக் கடவுள்முன் என் தலையில் வராது என்று கேட்டுக்கொண்டார். கணவர் அந்தக் கட்டளையை அனுப்பவேயில்லை.

இங்கே ஒன்றை நாம் சொல்ல விரும்புகிறோம். தம் பிள்ளைகளைக் கூடாத பழக்கங்களிலிருந்து காத்த அதே தாய்தான், தம் பசுக்களைக் குத்திய ஊரவருக்குத் தம் குசினிக் கதவைத் திறந்து வைத்தார். நட்பைத் தெரிந்தெடுப்பது வேறு, மனிதரை ஒதுக்குவது வேறு. பழக்கத்தை விலக்கினார், ஆட்களை விலக்கவில்லை.

பெண்மக்களின் துயரம்

யோனும் சாள்ஸும் ஒக்ஸ்போர்ட்டில் நல்ல நண்பர்களைச் சேர்த்து, சேர்ந்து படித்து, சிறையிலிருப்போரையும் ஏழைகளையும் சந்தித்த கதை யாவரும் அறிந்தது. அவர்களின் ஒழுங்குமுறையைக் கண்டு மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயரே மெதடிஸ்த என்பது. ஆனால் அதே தாயிடம், அதே பாடத்தைப் படித்த பெண்பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது?

ஹெற்றி அவர்களுள் மிகுந்த புத்திசாலி. சிறு வயதிலேயே கிரேக்க வேதாகமத்தை வாசிக்கக் கற்றவர், அழகாகக் கவி எழுதுபவர். 1725 ஆம் ஆண்டில், தந்தையார் சம்மதிக்காத ஒரு வழக்கறிஞரை நம்பி வீட்டை விட்டுப் போனார். அவரோ மணமுடிக்கவில்லை. கலங்கித் திரும்பிய மகளை, அவர் மனத்துக்கும் படிப்புக்கும் ஒவ்வாத ஓர் ஈயக் குழாய் வேலைக்காரருக்குத் தந்தையார் அவசரமாகக் கட்டிவைத்தார். பிறகு தந்தையார் மன்னிக்கவேயில்லை. தாயின் மனமும் இளகவில்லை. அந்த நேரத்தில் அக்காவுக்காகப் பேசியவர் யோன். விழுந்தவர்களிடம் காட்டவேண்டிய இரக்கத்தைப்பற்றித் தந்தையாரின் ஆலயத்திலேயே பிரசங்கித்துத் தந்தையாரின் கோபத்தையும் தேடிக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி இல்லை, ஒருமுறை தண்டித்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று சட்டம் வகுத்த வீட்டிலே, அந்தச் சட்டம் மிகவும் தேவைப்பட்ட நாளில் அது கைவிடப்பட்டது. இதை எழுத எங்களுக்கு மனவருத்தமாகவே இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அம்மையாரே விரும்பியிருக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

மற்றப் பெண்களிற் சிலருக்கும் நல்ல துணை வாய்க்கவில்லை. சூக்கியின் கணவர் கொடுமைக்காரர். எமிலியாவின் கணவர் அவர் பள்ளி நடத்திச் சேர்த்ததைச் செலவழித்தார். பற்றி என்ற மார்த்தா மணந்த வெஸ்ற்லி ஹோல், யோனின் மாணவர், ஒக்ஸ்போர்ட்டின் அந்தப் பக்திக் கூட்டத்தில் ஒருவர். அவர் பற்றிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தங்கை கெசியாவிடமும் அன்பு பேசினார். பின்னாளில் விசுவாசத்தையும் மனைவியையும் விட்டு விலகினார். பக்திக் கூட்டத்தில் இருப்பவர் என்பதாலேயே ஒருவர் நல்ல துணையாகிவிடுவதில்லை என்பது அந்த வீட்டுக்குக் கிடைத்த கசப்பான பாடம். பெண்களுக்கு வாசிக்கக் கற்பித்த அந்த வீட்டால், அவர்கள் தங்கள் காலில் நிற்கும் தொழிலையும், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரத்தையும் கொடுக்க முடியவில்லை. அது அந்தக் காலத்தின் குறை. அவை இரண்டும் இல்லாதவளுக்கு நல்லவரைத் தெரிந்துகொள் என்ற புத்திமதியால் என்ன பயன்?

கடைசி நாட்கள்

1735 ஏப்ரலில் கணவர் மறைந்தார். சொந்த வீடில்லாத அம்மையார் பிள்ளைகளின் வீடுகளில் மாறிமாறி இருந்து, இறுதியில் இலண்டனில் யோன் தம் ஊழியத்துக்காக எடுத்திருந்த பழைய பீரங்கி வார்ப்பாலைக் கட்டிடத்தில் வந்து தங்கினார். அங்கேயும் அவருடைய நிதானம் பயன்பட்டது. குருப்பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்பீல்ட் என்பவர் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, யோன் கோபத்தோடு ஓடிவந்தார். அவசரப்படாதே, முதலில் நீயே அவரைக் கேட்டுப்பார், அவருடைய ஊழியத்தின் பலனைப் பார் என்று தாயார் தடுத்தார். யோன் கேட்டார், மனம் மாறினார். பட்டம் பெறாத ஊழியர்களின் உழைப்பினாலேயே மெதடிஸ்த இயக்கம் நாடெங்கும் பரவியது. உடன்வேலையாளைப் பெயரால் அல்ல, கனியால் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை மகனுக்கு உணர்த்தியவர் அவரே.

1742 ஜூலையில், பிள்ளைகள் சூழ்ந்திருக்க, தம் உயிர் பிரிந்ததும் அழாமல் ஒரு துதிச் சங்கீதம் பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் கண்மூடினார். அவர்களும் அப்படியே பாடினார்கள். பன்ஹில் பீல்ட்ஸ் என்ற மயானத்தில், ஏராளமான மக்கள் கூடிநிற்க, யோனே அடக்க ஆராதனையை நடத்தினார்.

எங்களுக்கு

1814 ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவில் முதலாவது வெஸ்லியன் மிஷனரிமார் காலியிற் கரையிறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த கலாநிதி தோமஸ் கோக் வழியிலே கடலில் மறைந்துவிட்டார். எஞ்சியவர்களுள் சிலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்தார்கள். அந்தப் பணியிலிருந்து எங்கள் நாட்டில் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளும் எழும்பின. தரங்கம்பாடியிலே தமிழரிடையே நடந்த வேலையின் செய்தி எப்வேர்த்தின் ஒரு தாயைத் தூண்டியது. நூறு ஆண்டுகளின் பின்பு அந்தத் தாயின் பிள்ளைகள் தொடங்கிய இயக்கம் எங்கள் கரைக்கு வந்து தமிழ்ப் பெண்களின் கையில் புத்தகத்தைக் கொடுத்தது. கடன் திரும்பி வந்தது என்றே நாம் மகிழ்கிறோம்.

எங்கள் சங்கத்தவர்களில் சைவரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. தாய்மாரும் பேர்த்திமாரும் உண்டு. யாவருக்கும் இந்த வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள ஏதோ உண்டு. மனத்தில் இல்லாத ஆமெனை வாயால் சொல்லாதிருப்போம். பிழையை ஒப்புக்கொண்டு வரும் பிள்ளைக்கு, அந்தப் பிழை எவ்வளவு பெரிதானாலும், கதவைத் திறந்து வைப்போம். கிழமையில் ஒரு மாலையாவது ஒரு பிள்ளையோடு தனியாக இருந்து பேசுவோம். நல்ல துணையைத் தெரியும்படி பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அப்படித் தெரிவதற்கு வேண்டிய படிப்பையும் தொழிலையும் துணிவையும் சேர்த்துக் கொடுப்போம். அம்மையார் தொடங்கிவைத்த வேலையில் எங்களுக்கு மிஞ்சியிருக்கும் பங்கு அது.